பன்னிரண்டு நிமிடப் பேச்சு

இந்நேரம் வண்டி கத்திக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட் போடாமல் ஆள் உட்கார்ந்தால் டிங் டிங் என்று கத்துகிற மாதிரித்தான் இதைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கத்தவில்லை. என் வலது இடுப்புப் பக்கம், பெல்ட்டின் கொக்கி நுழைய வேண்டிய ஓட்டையில் வெறும் கொக்கி மட்டும் நுழைந்திருக்கிறது, பின்னால் பெல்ட்டே இல்லாத கொக்கி, இதற்கென்றே கடையில் விற்கிற கிளிப். ஓட்டுகிற மாப்பிள்ளை பக்கமும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வண்டி ஏமாந்துபோய் நூற்றுப் பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வளையல் சத்தம். பிரேக் போட்டால் வளையல், லாரியை ஒதுக்கி முந்தினால் வளையல். என் மகள் தேன்மலர் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டு பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஏழு மாதம். இன்று காலை திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்தது, பிரசவத்துக்கு மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். இரண்டு பக்கமும் தலையணை வைத்து அவளை நடுவில் உட்காரவைத்தது என் மனைவி சௌந்தரம். வைத்துவிட்டு அவள் சொந்தக்காரர்களோடு வேனில் முன்னாலேயே கிளம்பிவிட்டாள், ஆரத்தி கரைத்து வைக்க வேண்டுமாம். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். "நாலரைக்குள்ள பிள்ள வாசப்படி மிதிச்சிரணும், ஆமா" என்று அவள் சொன்னது என்னிடம்தான், ஆனால் மாப்பிள்ளை காதில் விழுகிற மாதிரி. மாப்பிள்ளை ஜெகதீசன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். நாலரை என்றால் நாலு இருபதுக்கு வாசலில் நிற்பார். இப்போது மூன்று ஐம்பது. இடது பக்கம் சிறுமலை கூடவே வருகிறது, அது மட்டும்தான் நிதானமாக வருகிறது. முள் நூற்றுப் பதினைந்தைத் தொடுகிறது. நான் முள்ளைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். வெளியே சிரித்த முகமாகத்தான் இருக்கிறேன், முப்பது வருஷப் பழக்கம்.

இந்தக் கிளிப் இந்த வண்டிக்கு வந்ததே என்னால்தான். நகைச்சுவைப் பீரங்கி சோலையப்பன் என்றால் நம் பக்கத்துத் திருவிழாக்களில் கொஞ்சம் பேருக்குத் தெரியும். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறேன், வாழ்வதற்குப் பட்டிமன்றம் பேசுகிறேன். பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்பது நம் கையில் இல்லை, நடுவர் போன் போட்டுச் சொல்வார், இரண்டு நாள் முன்னால். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் சொன்னார். "சோலை, தலைப்பு சீட் பெல்ட் சட்டம். மக்களைக் காக்கிறதா, மக்களை மிரட்டுகிறதா. உனக்கு மிரட்டுகிறதே. பன்னிரண்டு நிமிஷம், மணி அடிச்சா உக்காந்துரு." காக்கிறதே என்று கொடுத்திருந்தால் அதையும் பேசியிருப்பேன், அதற்கும் என்னிடம் சரக்கு இருந்தது, அழவைக்கிற சரக்கு. கொடுத்தது இது. எழுந்து நின்றேன். "நடுவர் அவர்களே, அரசாங்க பஸ்ஸுல நான் படியில தொங்கிக்கிட்டுப் போனா டிக்கெட் குடுக்கிறாங்க. என் சொந்தக் கார்ல நான் சாஞ்சு உக்காந்தா ஃபைன் போடுறாங்க." அவ்வளவுதான், பந்தல் ஆடிப்போனது. அப்புறம் என் வாயை யார் பிடிப்பது. என் காரு, என் நெஞ்சு, என் உசுரு, நடுவுல பெல்ட்டு யாரு என்று கையைக் குறுக்கே வீசிக் கேட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஐந்து பேர் போனால் குடும்பம் என்கிறான், காரில் ஒருத்தன் தனியாகப் போனால் குற்றவாளி என்கிறான் என்றேன். நாளைக்கு சாப்பிடும்போது புரையேறும் என்று சொல்லி வாயைக் கட்டுவார்கள் என்றேன். மணி அடித்தது, உட்கார்ந்தேன், விசில் நிற்கவில்லை. யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள், அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராய்ச் சுற்றி, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டது வரைக்கும் வந்தது. "மாமா, அந்த பெல்ட்டு பேச்சு நீங்களா? நான் மனப்பாடமா சொல்வேன்" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், வாழ்க்கையில் அவ்வளவு பெருமை எனக்கு வேறு எப்போதும் இருந்ததில்லை. கல்யாணமான மறு மாதம் இந்த வண்டியை வாங்கினார், கிளிப்பை வாங்கி மாட்டினார், பின் கண்ணாடியில் 'என் காரு என் நெஞ்சு' என்று சிவப்பில் ஸ்டிக்கர் ஒட்டினார், கீழே சின்ன எழுத்தில் என் பெயர். எனக்கு முன்னால் போகிற வண்டியின் முதுகில் இன்று ஒன்றுமே எழுதவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவனெல்லாம் என்னைப் படித்துக்கொண்டு வருகிறான்.

உண்மையில் நான் அதை நம்பினேனா? இதை யாராவது கேட்டால் நடுவர் கொடுத்த பக்கம் என்று தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் கேட்கிறது நானே. கொஞ்சம் நம்பினேன். என் உயிர் என்னுடையதுதான், அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்ல இன்னொருத்தன் யார் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் இருக்கிறது, வகுப்பில்கூட அதைத்தானே நடத்துகிறேன், தனிமனித உரிமை, ஐந்து மதிப்பெண். ஆனால் பின்சீட்டில் இருக்கிற உயிர் யாருடையது? மலருடையதா, மலருக்குள் இருப்பது மலருடையதா, மாப்பிள்ளையுடையதா, என்னுடையதா? பன்னிரண்டு நிமிடத்தில் பின்சீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அமலோற்பவம்தான் பேசினார். எதிரணியில் கடைசியாகப் பேசிய அம்மா, விபத்துப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், பேசிப் பழக்கமில்லாதவர், பேப்பரைப் பார்த்துப் படித்தார். "முன்னாடி உக்காந்தவங்க மட்டும் போட்டா போதாதுங்க. வண்டி நிக்கும்போது பின்னாடி உக்காந்திருக்கவங்கதான் முன்னாடி வர்றாங்க" என்றார். கர்ப்பிணிகள் வயிற்றுக்கு மேலே போடக் கூடாது, வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேலே போட வேண்டும் என்று தன் வயிற்றிலேயே கை வைத்துக் காட்டினார். பந்தலில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது, ஜெயித்துவிடுவாரோ என்று. என் இடத்தில் இருந்தபடியே மைக்கை இழுத்து, "அம்மா, இது பட்டிமன்றம்மா, போஸ்ட்மார்ட்டம் இல்ல" என்றேன். வெடித்தது கூட்டம். அவரும் பேப்பரை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், நேரம் மிச்சம் இருந்தது. பிறகு சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிர் இலை அவருக்கு. எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்தான் கேட்டார், "சார் வீட்ல காரு இருக்கா?" இல்லைம்மா, எனக்கு ஓட்டவே தெரியாது என்றேன். அன்றைக்கு முழுக்க சிரிக்காத அம்மா அதற்குத்தான் சிரித்தார். இப்போது லாரி ஒன்று இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் வருகிறது, மாப்பிள்ளை பிரேக்கை அழுத்துகிறார், நான் முன்னால் போய் டேஷ்போர்டில் கையை ஊன்றுகிறேன், பின்னால் அத்தனை வளையலும் ஒரே நேரத்தில் முன்னால் வருகின்றன, இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவள் கை தெரிகிறது, பச்சையும் சிவப்புமாக, பிறகு பின்னால் போகிறது. "மெதுவாங்க" என்கிறாள் மலர் அவரிடம், சிரித்துக்கொண்டு. "அவன் பாரு, அவனுக்கு லைசென்ஸ் குடுத்தவனைச் சொல்லணும்" என்கிறார் மாப்பிள்ளை. நடுவில் உட்கார்ந்தவளுக்கு முன்னால் ஒரு சீட்டுகூட இல்லை. வண்டியின் முன் கண்ணாடிதான் இருக்கிறது.

சொல்லிவிட்டால் என்ன? மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவாகப் போங்கள். நான்கு வார்த்தை. ஆயிரம் பேர் முன்னால் மூச்சு விடாமல் பேசுகிறவனுக்கு நான்கு வார்த்தை வரவில்லை. ஒருதடவை வந்தது. தலைதீபாவளிக்கு இதே ரோட்டில், இதே சீட்டில் உட்கார்ந்து, பாத்துப் போங்க மாப்ள, வேகம் கொஞ்சம் அதிகமோ என்று கேட்டேன், கேள்வியாகத்தான் கேட்டேன். அவர் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். "நீங்களே ஓட்டுங்க மாமா." எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இருபது நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், புது வேட்டி கட்டிக்கொண்டு, பக்கத்தில் பட்டாசுப் பெட்டி. மலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு ஜோக் சொன்னேன், அவர் சிரித்தார், சாவியை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் மலர் போன் பண்ணவில்லை. பண்ணியபோது, "அப்பா, இனிமே அவர் விஷயத்துல ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, அப்புறம் எனக்குத்தான் கஷ்டம்" என்றாள். என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பெண்ணைக் கொடுத்துவிட்டால் வாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம், சம்பந்தி வீட்டில் தண்ணீர் கேட்பதற்கே நான் இரண்டு தடவை யோசிக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. இன்று அவரே இறங்கி மலருக்குக் கதவைத் திறந்துவிட்டார், செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டார், நான் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அவளை அவர் தாங்குகிறார். தாங்கிக்கொண்டே நூற்றுப் பதினைந்தில் போகிறார். இப்போது எனக்கு வந்த யோசனை, அவரிடம் ஏன் சொல்ல வேண்டும், மலரிடம் சொல்லலாமே. திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, "மலரு, அங்க பெல்ட்டு இருக்குமே, போட்டுக்கயேம்மா" என்றேன். "எங்கப்பா இருக்கு? சீட் கவர் போட்டப்போ அடியில போயிருச்சு" என்றாள். அவளே மறுபடி, "இருந்தாலும் வேணாம்ப்பா. வயித்த இறுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேலே, என் கண்ணுக்கு முன்னால் அமலோற்பவம் கையை வைத்துக் காட்டுகிறார். மாப்பிள்ளை கண்ணாடி வழியாக மலரைப் பார்த்துச் சிரித்தார். "யாரு பெல்ட்டு போடச் சொல்றதுன்னு பாத்தியா? மாமா உன்னைக் கலாய்க்கிறாரு." மலரும் சிரித்தாள். நானும். ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "ராகு காலம் மாமா" என்றார். ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன், சின்னப் பிள்ளை மாதிரி, சொல்லவில்லை. என் பெல்ட்டையாவது நான் போடலாம். இடது தோளுக்கு மேலே தொங்குகிறது, கையை உயர்த்தினால் போதும். கிளிப்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அதை எடுத்தால் வண்டி கத்தும், அவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் ரோட்டைப் பார்க்கமாட்டார். கையை எடுத்துவிட்டேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது, நான் மட்டும் கட்டிக்கொண்டு பிழைத்து என்ன செய்யப்போகிறேன்.

ஒரு பாலம் இறங்கினதும் தூரத்தில் பாரிகேட் தெரிந்தது, வெள்ளைச் சட்டை, தொப்பி, நாலைந்து பேர். முன்னால் போன கார்களிலெல்லாம் கைகள் தோளுக்கு மேலே போயின, பெல்ட்டை இழுத்து மடியில் பிடித்துக்கொள்கிறார்கள், தாண்டினதும் விட்டுவிடுவார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை. நிறுத்துங்கள் சாமி என்று கும்பிட்டேன். சட்டத்தை அப்படி ஒருத்தன் கும்பிட்டிருக்கமாட்டான். நான் சொல்ல முடியாததை நீ சொல்லு, உனக்கு அவர் மாப்பிள்ளை இல்லை, உன் மடியில் அவர் சாவியை வைக்க முடியாது. ஃபைன் போடு, கத்து, கிளிப்பைப் பிடுங்கி எறி, சீட் கவரைக் கிழித்து அடியில் கிடக்கிற பெல்ட்டை எடு. யார் சுதந்திரத்தைப் பற்றி நான் பேசினேன், இந்த வண்டிக்குள் யாருக்கு இருக்கிறது அது? எஸ்.ஐ. கையைக் காட்டினார். மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார், ஆனால் பெல்ட்டை இழுக்கவில்லை, பதறவில்லை, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார். "சார், உள்ள யாரு இருக்கான்னு பாருங்க." எஸ்.ஐ. குனிந்தார், இளைஞர், மீசை இன்னும் முழுசாக வரவில்லை. என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "ஐயா! பீரங்கி ஐயாதான? டிரெய்னிங்ல இருக்கும்போது எங்க குரூப்ல டெய்லி ஓடும்யா உங்க வீடியோ. ஏட்டய்யா, இங்க வாங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க." ஏட்டும் வந்தார், இன்னொருத்தரும் வந்தார். நான், "சார், ஃபைன் போடுங்க" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். "இல்ல சார், நெஜமாத்தான் சொல்றேன். பெல்ட்டு போடல, ஃபைன் போடுங்க. எம் மக பின்னால மாசமா இருக்கா." என் குரலே எனக்குக் கேட்டது. நெஜமாத்தான் என்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டேன், மேடையில் விடுகிற அதே இடைவெளி. முப்பது வருஷமாக வேறு மாதிரிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சார், வீட்லயும் இப்படித்தான்." நான் எஸ்.ஐ.யின் கையைப் பிடித்தேன், ஜன்னல் மேல் வைத்திருந்த கையை. "தம்பி, சிரிக்காதீங்க தம்பி" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், அதற்குத்தான் ரொம்பச் சிரித்தார்கள். "ஐயா டைமிங்கே தனிய்யா" என்று என் கையைக் குலுக்கினார் எஸ்.ஐ. "உள்ள பிள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு, வெயில்ல நிக்க வேணாம், போங்க சார்." பாரிகேட்டை அவரே இழுத்து வழிவிட்டார். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் நின்று ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐந்து. நின்ற நேரத்தை மாப்பிள்ளை பிடிக்கப் பார்க்கிறார், நூறு, நூற்றுப் பத்து, நூற்று இருபது. நான் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டினேன், மலரின் முழங்கால் தட்டுப்பட்டது, அதற்குக் குறுக்கே வைத்துக்கொண்டேன். இந்தக் கை எதைத் தாங்கும், சாக்பீஸ் பிடித்த கை. "என்னப்பா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா." அவள் என்ன நினைத்தாளோ, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள், வளையல்கள் என் மணிக்கட்டில் இடித்தன, குளிர்ச்சியாக இருந்தன. "அழறீங்களாப்பா? இன்னும் மூணு மாசம் உங்க கூடத்தான் இருக்கப்போறேன்" என்றாள். நூற்று இருபத்தைந்து. "போலீஸ்காரன் மூஞ்சியப் பாத்தியா மலரு?" என்றார் மாப்பிள்ளை. "மாமா, அந்த பஸ்ஸு படி ஜோக்க ஒருதடவ சொல்லுங்க. நேர்ல கேக்கணும்னு எனக்கு எவ்வளவு நாளா ஆசை." முடியாது என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது அது இல்லை. "நடுவர் அவர்களே, அரசாங்க பஸ்ஸுல நான் படியில தொங்கிக்கிட்டுப் போனா" என்று ஆரம்பித்து, இடைவெளி விட்டு, முடித்தேன். மாப்பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரிக்கும்போது அவர் கால் தளர்ந்தது. முள் இறங்கியது, நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூற்றைந்து. என் கண் அதிலேயே இருந்தது. சிரிப்பு அடங்கியது, முள் மறுபடி ஏறத் தொடங்கியது. நான் ஸ்கூட்டரில் போகிற ஐந்து பேரைச் சொன்னேன். இறங்கியது. தொண்ணூறு. என் காரு, என் நெஞ்சு என்று ஒரு கையை வீசிக் காட்டினேன், இன்னொரு கை பின்னால் இருந்தது. எண்பத்தைந்து. மலர் சிரிக்கிற சிரிப்பில் வளையல்கள் குலுங்கின. ராகு காலத்தில் போய் நிற்போம், சௌந்தரம் என்னைத் தின்றுவிடுவாள், தின்னட்டும். ஒன்றையும் விடாமல், அன்றைக்குப் பேசிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனேன், அமலோற்பவத்தை அடித்த ஜோக்கையும் சேர்த்து. எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். என் பேச்சு மொத்தம் பன்னிரண்டு நிமிடம். வீட்டுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.